ரப்பர் பாலும் லத்தீனும்: நர்ஸ் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் கற்பித்த அனுபவம்

மார்த்தாண்டத்தில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நர்சிங் முடித்த பிள்ளைகள். குலசேகரம், அருமனை, கருங்கல், தூத்தூர், குளச்சல் என்று மலையோரத்திலிருந்தும் கடலோரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். எல்லோருக்கும் குறி ஒன்றுதான். ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதி இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக வேண்டும். வரும்போதே எல்லோருடைய போனிலும் ஒரு பிடிஎஃப் இருக்கும். தேர்வுக்கு அவசியமான மருத்துவச் சொற்கள் என்று யாரோ தொகுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்ட பட்டியல். முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய ஆரம்பிப்பார்கள். சி எழுத்து வருவதற்குள் ஏ எழுத்து மறந்திருக்கும்.

என் வழி வேறு. சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லி, அதை வைத்துப் பொருளையும் எழுத்துக்கூட்டலையும் மனதில் பதிய வைப்பது. பெரும்பாலான இடங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. சில இடங்களில் காலை வாரிவிடும். இரண்டையும் எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் மருத்துவத்தின் பக்கமே போவதில்லை. ரப்பரில் ஆரம்பிப்பேன். எங்கள் மேற்குப் பகுதியில் பால்வெட்டு இருக்கிற வீட்டிலிருந்து ஒருத்தியாவது வராத பேட்ச் கிடையாது. ஆங்கிலத்தில் ரப் என்றால் தேய்ப்பது. 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர், பென்சில் கோட்டை அழிக்க இந்தப் பிசின் பிரமாதமாக உதவுகிறது என்று எழுதி வைத்தார். தேய்த்து அழிக்கிற பொருள் என்பதால் ரப்பர். அப்புறம்தான் டயர், செருப்பு, மரம் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் போனது. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'அழிரப்பர்' என்கிறார்களே, அவர்கள்தான் பழைய பொருளை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். (அமெரிக்கா போகிறவர்கள் மட்டும் கவனம். அங்கே ரப்பர் வேண்டும் என்று கேட்டால் ஆணுறையை எடுத்துக் கொடுப்பார்கள். இரேசர் என்று கேளுங்கள்.)

அடுத்தது பால். லேடெக்ஸ் என்பது லத்தீன் சொல். நீர்மம் என்று பொருள். சிரட்டையில் வடிந்த பாலை டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைத்து, ரோலரில் அடித்து ஷீட்டாக்குவது இங்கே தினசரி வேலை. அந்த ஆசிட் கேனில் ஃபார்மிக் ஆசிட் என்று எழுதியிருக்கும். எத்தனையோ வருடம் அந்தக் கேனைத் தூக்கியிருப்பார்கள், பெயரை வாசித்திருக்க மாட்டார்கள். லத்தீனில் ஃபார்மிகா என்றால் எறும்பு. 17ஆம் நூற்றாண்டில் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தார்கள். ஜான் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளர் 1671இல் அதைப் பற்றி எழுதினார். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அருமனைப் பிள்ளை ஒருத்தி, "அதுதான் டீச்சர், அப்பாக்க கையில தெறிச்சா முசுறு கடிச்ச மாதிரி எரியும்னு சொல்லுவாரு" என்றாள். முசுறு பீய்ச்சுவதும் அதே அமிலம்தான். அந்த வகுப்பில் ஃபார்மிக் என்ற சொல்லை இனி யாரும் மறக்கப்போவதில்லை.

உடனே இன்னொருத்தி கேட்டாள்: "அப்போ மேசையில ஒட்டுற ஃபார்மைக்காவும் எறும்புதானா?"

இல்லை. அது 1910களில் அமெரிக்காவில் வந்த கம்பெனிப் பெயர். மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாகப் போடும் பொருள் என்பதால் 'ஃபார் மைக்கா'. எழுத்து அச்சு அசலாக எறும்புதான், சம்பந்தம் துளியும் கிடையாது. இந்த இரண்டையும் ஒரே நாளில் சொல்லிவிடுவது நல்லது. வேர்ச்சொல் ருசி கண்டவர்கள் ஒத்த ஓசை கேட்டதுமே உறவு கொண்டாடக் கிளம்பிவிடுவார்கள்.

ரப்பர் முடிந்ததும் நம் ஊரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். இதில் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மதுரையிலோ சென்னையிலோ பலாப்பழம் என்றால்தான் புரியும். நாங்கள் சக்கை என்போம். அந்தச் சக்கையைத்தான் போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் கேட்டு ஜாக்கா என்று எழுதினார்கள். அது ஆங்கிலத்தில் ஜாக்ஃப்ரூட் ஆனது. கயிறு காயர் ஆனது, கொப்பரை கோப்ரா ஆனது, தேக்கு டீக் ஆனது, வெற்றிலை பீட்டல் ஆனது, சுருட்டு ஷெரூட் ஆனது. பெரும்பாலும் மலையாளமும் போர்ச்சுகீசும் வழியாகத்தான் பயணம். கட்டுமரம் மட்டும் தமிழிலிருந்து நேராகப் போய் கேட்டமரான் ஆனது. வில்லியம் டாம்பியர் என்ற கப்பலோட்டி 1697இல் அச்சிட்ட பயண நூலில் அதை எழுதியிருக்கிறார். ஆனால் இன்று இங்கிலாந்தில் கேட்டமரான் என்றால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. குளச்சல் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் படத்தைக் காட்டினால் சிரிப்புத்தான் வரும். சொல் வீட்டை விட்டுப் போனால் பொருளும் மாறும் என்று விளக்கிப் பேச வேண்டிய அவசியமே இல்லை, படத்தைக் காட்டினால் போதும்.

மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கிழங்கு) இதில் இடம் உண்டு. டேப்பியோக்கா, கேஷ்யூ இரண்டும் பிரேசில் பழங்குடிகளின் துபி மொழிச் சொற்கள். செடியும் பெயரும் சேர்ந்தே போர்ச்சுகீசியக் கப்பலில் ஏறியவை. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) வேலை பார்க்கிற அம்மா இருக்கிற பிள்ளைக்கு இது நெருக்கமான செய்தி.

இதெல்லாம் தேர்வில் வருமா என்று கேட்டால் வராது. "இது படிச்சா மார்க்கு கிட்டுமா டீச்சர்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. மார்க் கிடைக்காது, ஆங்கிலம் மேலிருந்து இறங்கி வந்த ஒன்று என்ற பயம் கொஞ்சம் குறையும். அதற்கு ஒரு மாலை செலவழிக்கலாம் என்பது என் கணக்கு.

இனி மருத்துவச் சொல். எல்லோரும் தப்பாக எழுதுகிற ஒரு சொல்லில் தொடங்குவேன்: டயரியா. போர்டில் வந்து எழுதச் சொன்னால் ஆளுக்கு ஒரு விதம். ஒரு ஆர் போட்டு, ஹெச்சை விட்டு, ஓ-வையும் இ-யையும் இடம் மாற்றி, எல்லா வகையும் வரும். கிரேக்கத்தில் ஆர் ஒலியில் தொடங்குகிற சொல்லை லத்தீன் எழுத்தில் எழுதும்போது ஆருக்குப் பின்னால் ஒரு ஹெச் போடுவார்கள். ரூமாட்டிசம், ரிதம் இரண்டிலும் அந்த ஹெச் உண்டு. அதற்கு முன்னால் வேறு ஒரு உறுப்பு வந்து சேர்ந்தால் ஆர் இரட்டிக்கும். ஆக ஆர், ஆர், ஹெச். டயா என்றால் ஊடாக, ரியா என்றால் ஓட்டம். நாம் வயிற்றுப்போக்கு என்பதற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

இந்த ஆர்-ஆர்-ஹெச் பிடிபட்டால் ஒரு கூட்டமே கைக்குள் வரும். ஹெமரேஜ், அரித்மியா, ஹெர்னியோராஃபி எல்லாவற்றிலும் அதே எழுத்துக் கோவை. ஆனால் பொருள் ஒன்றல்ல. ரியா ஓடுவது, ரேஜ் உடைந்து பீறிடுவது, ராஃபி தைப்பது. மூன்றையும் போர்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வார்டில் பார்த்த கேஸ் ஒன்றை ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதச் சொல்வேன். டியூட்டி பார்த்த பிள்ளைகளுக்கு அது ஒரு நிமிட வேலை. பட்டியலாக மனப்பாடம் செய்தால் இதற்கு ஒரு வாரம் போகும், அதுவும் நிற்காது.

அதே மாதிரி டோமி, எக்டோமி, ஸ்டோமி. டோமி வெட்டுவது. (ஆட்டம் என்ற சொல்லில் இருப்பதும் இதுதான்: வெட்ட முடியாதது.) எக் என்றால் வெளியே, ஆகவே எக்டோமி வெட்டி எடுத்துவிடுவது. ஸ்டோமா என்றால் வாய். ஸ்டோமி புதிதாக ஒரு வாய் திறந்து விடுவது. புண்ணுக்கு வாய் உண்டு என்று பேசுகிறவர்களுக்கு இது சிரமமே இல்லை. பெருங்குடலை எடுத்தாச்சா, திறந்து மட்டும் பார்த்தார்களா, வயிற்றில் வாய் வைத்துப் பை மாட்டியிருக்கிறார்களா என்ற மூன்று நிலைமையும் ஓரிரண்டு எழுத்தில் மாறிவிடும். ஹைப்போவும் ஹைப்பரும் இன்னும் மோசம். ஒன்று கீழே, மற்றது மேலே. போனில் அவசரமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அங்கே வேர்ச்சொல் உதவாது. லோ பிரஷர், ஹை பிரஷர் என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்கிறேன்.

சில சொற்களை நான் சொல்லவே வேண்டாம், பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள். நாசியா என்ற சொல்லில் இருப்பது நவுஸ், கிரேக்கத்தில் கப்பல். முதலில் கடல் பயணத்தில் வரும் ஓங்காளத்துக்குத்தான் அந்தப் பெயர். தூத்தூர்ப் பிள்ளைகளிடம் இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? கண்ணில் டார்ச் அடித்து ப்யூப்பில் சுருங்குகிறதா என்று தினமும் பார்க்கிறார்கள். லத்தீனில் அது சின்னப் பொம்மை. எதிரே நிற்பவரின் உருவம் குட்டியாக அதில் தெரிவதால் வந்த பெயர். தமிழிலும் அது பாவைதான். 'கருமணியிற் பாவாய்' என்று குறள் கூப்பிடுவது அந்தப் பொம்மையைத்தான். ரோமுக்கும் நமக்கும் தனித்தனியாக ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது என்று சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. நீரிழிவும் அப்படித்தான். டயாபெட்டிஸ் என்றால் கிரேக்கத்தில் ஊடாக ஓடிப்போவது. மெல்லிட்டஸ் என்பது லத்தீனில் தேன் போன்றது.

மணவாளக்குறிச்சிப் பக்கம் இருந்து யாராவது வந்தால் மோனோ என்ற வேருக்கு அந்தக் கரையில் கிடைக்கிற மோனசைட் என்ற கனிம மணலையே உதாரணம் காட்டுவேன். தனித்திருப்பது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்த பெயர் அது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பரிசோதித்துத்தான் நம் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து மோனோசைட் என்ற ரத்த அணுவுக்கு ஒரு எட்டுத்தான். ஒரே வேர், எழுத்துத்தான் மாறும்.

இவ்வளவும் எழுத்துக்கூட்டலுக்கும் ஞாபகத்துக்கும். உண்மையில் தேர்வில் பிள்ளைகளைச் சறுக்க விடுவது வேறு ஒன்று. ஆங்கிலம் அடுக்கடுக்காக வந்த மொழி. அடியில் ஆங்கிலோ சாக்சன் சொற்கள்: ஹார்ட், லங், லிவர், கிட்னி மாதிரி வீட்டில் புழங்குகிறவை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மேலே பிரெஞ்சு. அதற்கும் மேலே படித்தவர்கள் கொண்டுவந்து சேர்த்த லத்தீனும் கிரேக்கமும். அதனால் உறுப்புக்கு ஒரு பெயர், அதைப் பற்றிய அடைமொழிக்கு முற்றிலும் வேறு பெயர்: கார்டியாக், பல்மனரி, ஹெப்பாட்டிக், ரீனல். கேட்பது என்ற ஒரே வேலைக்கு ஆஸ்க், க்வெஸ்ச்சன், இன்டராகேட் என்று மூன்று. முதலாவது அம்மா கேட்பது, கடைசி போலீஸ் கேட்பது.

ஓஇடி இந்த இரண்டு முனையையும் ஒரே தேர்வில் சோதிக்கிறது. எழுத்துத் தேர்வில் பெரும்பாலும் இன்னொரு மருத்துவருக்கோ நர்சுக்கோ கடிதம் எழுத வேண்டும். அங்கே மேலடுக்குச் சொல் வேண்டும். பேச்சுத் தேர்வில் நோயாளியாக நடிப்பவரிடம் பேச வேண்டும், அங்கே அடியடுக்கு. நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். வகுப்பில் நான் வயதான நோயாளியாக உட்கார்ந்திருப்பேன். எதிரே பிள்ளை அட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹேவ் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட் எனி டிஸ்னியா?" என்பாள். நான் விழிப்பேன். அவள் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வாள். "உனக்க ஆச்சிட்ட இப்படித்தான் கேப்பியா மக்களே?" என்பேன். "இல்ல டீச்சர், மூச்சு முட்டுதா ஆச்சின்னு கேப்பேன்." அதைத்தான் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும்: "ஆர் யூ ஷார்ட் ஆஃப் பிரெத்?" பிடிஎஃப் பட்டியலில் டிஸ்னியா இருக்கும், ஷார்ட் ஆஃப் பிரெத் இருக்காது. அதனால் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் சார்ட்டில் எழுதுகிற சொல், வலது பக்கம் நோயாளியிடம் சொல்கிற சொல் என்று எழுத வைக்கிறேன். வேர்ச்சொல் பாடத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தக் கோடுதான் என்பேன்.

சரி, எங்கே காலை வாரும்? பிறப்பைத் தெரிந்துகொண்டால் பொருளே தெரிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில். ஆர்ட்டெரி (தமனி) என்ற கிரேக்கப் பெயருக்குப் பின்னால், அதில் காற்று ஓடுகிறது என்ற பழைய நம்பிக்கை இருக்கிறது. பிணத்தை அறுத்துப் பார்த்தபோது அது காலியாக இருந்ததுதான் காரணம். டிரக்கியா (மூச்சுக்குழாய்) என்பது கரடுமுரடான ஆர்ட்டெரி என்பதன் பாதிப் பெயர். மலேரியா இத்தாலிய மொழியில் கெட்ட காற்று; 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்ட பிறகும் பெயர் அப்படியே நிற்கிறது. ஹிஸ்டீரியா இன்னும் வேதனை. கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெண்ணின் மனக்கோளாறுக்குக் கருப்பைதான் காரணம் என்று எண்ணிய காலத்துப் பெயர். இவற்றில் வேர்ச்சொல் காட்டுவது பழைய நம்பிக்கையை மட்டுமே.

பறையா என்ற ஆங்கிலச் சொல் பற்றி ஒரு பிள்ளை கேட்டாள். ஒரு நாட்டை உலகம் ஒதுக்கினால் ஆங்கிலப் பத்திரிகைகள் கூசாமல் எழுதும் சொல். நம் மண்ணின் ஒரு சமூகத்தின் பெயரை எடுத்துக்கொண்டு போய் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் ஏற்றியிருக்கிறார்கள். அகராதியில் இருப்பதாலேயே நாம் பேச வேண்டியதில்லை, அவுட்காஸ்ட் என்றோ வேறு மாதிரியோ சொல்லலாம் என்பது என் கட்சி.

இன்னொரு தொல்லை வாட்ஸ்அப் வேர்ச்சொல். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கின் முதல் எழுத்துதான் நியூஸ் என்று ஒரு செய்தி வருடந்தோறும் வரும். நியூ என்ற சொல்லின் பன்மைதான் நியூஸ், அவ்வளவுதான். கோல்ஃப் என்பது 'ஆண்கள் மட்டும், பெண்களுக்கு அனுமதி இல்லை' என்பதன் சுருக்கம் என்பார்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457இலேயே கோல்ஃப் ஆட்டத்துக்குத் தடை போட்டிருக்கிறது, அப்போது அப்படிச் சுருக்கும் வழக்கமே இல்லை. முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு வேலை. லேசர், ரேடார் அப்படி வந்தவை. அதைவிடப் பழைய சொல்லுக்கு யாராவது சுருக்கக் கதை சொன்னால் சந்தேகப்படுங்கள். சேலரிக்கும் உப்புக்கும் உறவு உண்டு என்பது சரி. ரோமானியச் சிப்பாய்க்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

சரிபார்க்க நான் பயன்படுத்துவது டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த எட்டிமான்லைன் இணைய அகராதி. இலவசம்; சொல் எந்தக் காலத்தில் முதலில் எழுத்தில் வந்தது, எந்த மொழி வழியாக வந்தது என்று போட்டிருக்கும். பாருங்கள் என்று நான் சொல்வது அந்த இரண்டையும்தான், கதையை அல்ல. நம் ஊர்ச் சொற்களுக்கு யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி நல்ல துணை. சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் அதுவும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய வெள்ளைக்கார மனோபாவம் ஹாப்சன்-ஜாப்சனில் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். அதைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டுப் போடுவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேடித் தேடி நிரப்ப வேண்டாம். டியூட்டியில், மருந்துச் சீட்டில், பாட்டில் லேபிளில் கண்ணில் பட்டதை மட்டும் சேருங்கள். மருந்துக்கடை அட்டைப்பெட்டிகளைப் போல நல்ல பயிற்சிப் புத்தகம் இல்லை. ஆன்டி, ஹைப்போ, டெர்ம், அனால்ஜெசிக் எல்லாம் அங்கே கிடக்கின்றன.

போய்ச் சேர்ந்த பிள்ளைகள் அங்கிருந்து எழுதுவதைப் படித்தால் இந்த முறைக்கு எல்லை எங்கே என்று தெரிகிறது. இங்கிலாந்தில் ஒரு பாட்டி "ஐ ஃபீல் புவர்லி" என்றாராம். பிள்ளை காசு இல்லை என்று எடுத்துக்கொண்டாள். உடம்பு சரியில்லை என்று பொருள். ஊசிக்கு ஜேப், சிறுநீர்க் கோளாறுக்கு வாட்டர்வொர்க்ஸ், ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதற்கு ஸ்பென்ட் எ பென்னி. முன்பு பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும், அதிலிருந்து வந்த பேச்சு. லத்தீனும் கிரேக்கமும் எவ்வளவு படித்தாலும் இவை வராது, காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் அனுப்புவதையெல்லாம் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்து, இப்போது புதிய பேட்சுக்கு ரப்பர் பாடம் நடக்கிற வாரமே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். ஆர்-ஆர்-ஹெச் எல்லாம் அதற்கு அடுத்த வாரம்தான்.